ராமநாதபுரம் கடற்கரையில் பெண்பிள்ளை பந்து விளையாடினால் ஊர் என்ன சொல்கிறது?

கீழக்கரையைச் சொந்த ஊராகக் கொண்டு தோஹாவில் வேலைபார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பந்து உதைக்கத் தொடங்கியவள், நன்றாகவும் ஆடுகிறாளாம். தம்பியின் உம்மா, "வயசுக்கு வரப்போற பிள்ளையை மைதானத்துல ஓடவிடுறதா?" என்று ஒரே பிடியாக நிற்கிறார். மனைவி இரண்டு பக்கமும் பேச முடியாமல் தவிக்கிறார். "உலகமே பெண்கள் கால்பந்தைக் கொண்டாடுதுன்னு சொல்றாங்களே டீச்சர், நம்ம பக்கத்துச் சனங்க மனசு உண்மையிலேயே மாறியிருக்கா, இல்லை டிவியில பார்க்கிறதோட சரியா? பிள்ளையை அனுப்பலாமா?" இதுதான் அவர் கேள்வி.

இந்தக் கரையோரப் பள்ளிகளில் பி.டி. டீச்சராகவே வேலைபார்த்து ஓய்வுபெற்றவள் நான். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: அனுப்புங்கள் தம்பி. ஆனால் உம்மாவின் பேச்சைப் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டு அனுப்ப வேண்டாம். அவர் பயப்படுவதில் சிலவற்றுக்கு நல்ல காரணம் இருக்கிறது, சிலவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வீட்டில் பேசுவது சுலபம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பார்க்கிறவர்களின் மனசு நன்றாகவே மாறியிருக்கிறது. 2022 ஏப்ரலில் பார்சிலோனாவின் கேம்ப் நோ மைதானத்தில் பார்சிலோனாவும் வோல்ஃப்ஸ்பர்க்கும் ஆடிய பெண்கள் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 91,648 பேர். அதே ஆண்டு ஜூலையில் லண்டன் வெம்பிளியில் இங்கிலாந்து ஜெர்மனியை வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்துக்கு 87,192 பேர். 2023-இல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கோப்பையை மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஏறக்குறைய 20 லட்சம். நம் நாட்டுக்கு வந்தால், 2025 ஜூலை 5 அன்று தாய்லாந்தின் சியாங் மாயில் சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல் போட்டார். இந்தியா 2-1 என்று தாய்லாந்தைத் தோற்கடித்து 2026 ஆசியக் கோப்பைக்குள் போனது. தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே போனது அதுவே முதல் தடவை. அன்று இரவு எனக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகளில், பந்து என்றால் பையன்கள் சமாச்சாரம் என்று முன்பு என் முகத்துக்கு நேராகச் சொன்னவர்களுடையதும் இருந்தன. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சும்மா இல்லை. தேசிய சீனியர் பெண்கள் போட்டி என்றாலே மணிப்பூர்தான் என்று இருந்த காலத்தில், 2018-இல் கட்டக்கில் நடந்த இறுதியாட்டத்தில் தமிழ்நாடு மணிப்பூரையே 2-1 என்று வென்றது. 2023-இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பையைக் கொண்டுவந்தது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்தில் போய்ச்சேரும் மதுரையைச் சேர்ந்த சேது எப்.சி., 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கின் சாம்பியன். இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஸ்பெயினில் யார் கோல் போட்டார் என்று சொல்லும் பையன்கள்கூட இதைக் கேட்டால் முழிக்கிறார்கள்.

ஆனால் கைதட்டுவது வேறு, தன் வீட்டுப் பிள்ளையை அனுப்புவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் "காலம் மாறிடுச்சு" என்று ஒருவரும் "ஒண்ணும் மாறலை" என்று இன்னொருவரும் வீணாகச் சண்டை போடுகிறார்கள். டீக்கடையில் உட்கார்ந்து பெண்கள் உலகக் கோப்பையைப் பார்த்துச் சபாஷ் சொல்லும் மனிதர், தன் மகள் ஜெர்சி போட்டுத் தெருவில் நடந்தால் "முதல்ல உள்ள போ" என்பார். அவர் வேஷக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். டிவியில் ஆடுகிற பெண்ணைப் பற்றி அவரிடம் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. மகளைப் பற்றி மறுநாள் காலை மச்சான் கேட்பார், ஜமாத்தில் கேட்பார்கள், கோயில் வாசலில் கேட்பார்கள். அவர் பயமெல்லாம் அந்தக் கேள்விகள்தான்.

பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பேச்சு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள இங்கிலாந்தின் கதை ஒன்று உதவும். முதல் உலகப்போர் காலத்தில் அங்கே பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள், தொழிற்சாலைக்கு ஓர் அணி என்று பந்தும் ஆடினார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் டிக் கெர் லேடீஸ் என்ற அணியின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஒரு வருஷம் முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது: இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதில்லை, ஆகவே சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது. கவனியுங்கள் தம்பி, பெண்கள் ஆடவே கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. மைதானத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். அது போதுமானதாக இருந்தது. தடை நீங்க ஏறக்குறைய 50 ஆண்டு ஆயிற்று. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதே மாதிரி, பிரேசிலில் 1941 முதல் 1979 வரை அரசாணையே இருந்தது. இப்படி இரண்டு மூன்று தலைமுறையை மைதானத்துக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, "பொம்பளைங்க ஆட்டம் தரமா இல்லை, கூட்டம் வராது" என்று சொன்னார்கள். வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன பேச்சு அது.

நம் கரையில் யாரும் தீர்மானம் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வெளியே வர நாலே கால், நாலரை. ஆறு, ஆறேகாலுக்கு இருட்டிவிடும். இடைப்பட்ட அந்த நேரத்தில் ஊருக்கு இருக்கும் ஒரே பொட்டலில் பெரிய பையன்கள் இறங்கியிருப்பார்கள். விளக்குக் கிடையாது. ஓரத்தில் ஒதுங்கி ஆடலாம் என்றால் சீமைக்கருவேல முள். வெறுங்காலில் ஏறினால் நாலு நாள் நொண்ட வேண்டும், பந்தில் ஏறினால் பந்து போயிற்று. கழிப்பறை பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் அஞ்சு மணிக்குப் போயிருப்பார். இவ்வளவும் சேர்ந்துதான் பெண்பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறது. அப்புறம் நாம் "நம்ம பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்கிறோம். நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் வாரத்தில் இரண்டு சாயங்காலம் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று தலைமையாசிரியர் எழுதி ஒட்டினார். மாதம் முடிவதற்குள் பதினோரு பேர் தேறாத இடத்தில் இரண்டு அணிக்கு ஆள் இருந்தது. யாருக்கும் நான் பிரசங்கம் செய்யவில்லை.

கீழக்கரைக்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. வயசுக்கு வந்தபின் பெண்ணைப் படிக்க வெளியூர் அனுப்புவதா என்று உங்கள் ஊரே ஒருகாலத்தில் கேட்டது. 1988-இல் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி உங்கள் ஊரிலேயே வந்தது. இன்று பட்டம் வாங்கிய பெண் இல்லாத வீட்டை உங்கள் தெருவில் தேட வேண்டியிருக்கும். வீட்டுப் பெரியவர்களின் மனசை முதலில் மாற்றிவிட்டு அப்புறம் கல்லூரி கட்டலாம் என்று அதைத் தொடங்கியவர்கள் காத்திருக்கவில்லை. போய்வரக் கூடிய தூரத்தில், நம்பிக்கையான இடம் ஒன்று வந்தது. மனசு பின்னாலேயே வந்தது. பந்துக்கும் அதுதான் வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மனசு எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்கு நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் ஓர் ஊரில் திருவிழாவை ஒட்டிப் பந்துப் போட்டி. பையன்களின் இறுதியாட்டத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகள் ஆட்டம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள், வந்த கூட்டத்துக்கு நேரம் போகட்டும் என்று. முதல் பத்து நிமிஷம் சிரிப்பும் கேலியும்தான். ஒரு பிள்ளை பந்தைக் காற்றில் விட்டுக் காலை வீசியபோது விசில் பறந்தது. எனக்கு வயிறு கலங்கியது. எதற்கு இவர்களை இந்தக் கூட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தினோம் என்று இருந்தது. அப்புறம் பின்களத்தில் நின்ற ஒரு ஒல்லிப் பிள்ளை, நேராக கோலுக்குப் போன எதிரணிக்காரியைத் துரத்திப் போய், பக்கவாட்டில் சறுக்கி, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் வெளியே தள்ளினாள். எழுந்தபோது முழங்கால் முழுக்க மணலும் ரத்தமும். அதைத் துடைக்காமல் கார்னருக்கு ஆள் பிடிக்க ஓடினாள். கூட்டம் சட்டென்று ஆட்டத்துக்குள் வந்துவிட்டது. "விடாத புள்ள, விடாத!" என்று முதலில் கத்தியவர் வலை முடைந்துகொண்டிருந்த ஒரு வயசாளி. இரண்டாம் பாதியில் ரெஃப்ரியைத் திட்டினார்கள், ஆஃப்சைடுக்குச் சண்டை போட்டார்கள். பையன்கள் ஆட்டத்துக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. பந்து தெரிந்த சனம் இது; நல்ல ஆட்டத்தைக் கண்டால் அதற்கு மறைக்கத் தெரியாது. ஆனால் அந்த நிலைமை வர அந்தப் பிள்ளைகள் பத்து நிமிஷக் கேலியைத் தாங்க வேண்டியிருந்தது. அதைத் தாங்கும்படி அவர்களை விட்டது எங்களைப் போன்ற பெரியவர்களின் குறை. போட்டி நடத்துகிறவர்கள் மைக்கில் முதலிலேயே ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி உம்மாவின் பயங்களுக்கு வருகிறேன்.

பெண் உடம்பு தாங்காது, கர்ப்பப்பைக்கு ஆகாது என்று சொல்வார்கள். இதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. அதிலும் இந்தக் கரையில் இருந்துகொண்டு அதை எப்படித்தான் வாய் கூசாமல் சொல்கிறோமோ தெரியவில்லை. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து, மணிக்கணக்காகத் தண்ணீரில் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015-இல் அமெரிக்கா போய், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது வாங்கிவந்தார். பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டேதான் அந்தப் பெண்கள் கடலில் இறங்குகிறார்கள். அவர்கள் உடம்பைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட்டு நான் கேட்டதில்லை. சம்பாத்தியத்துக்காக உழைத்தால் தாங்கும் உடம்பு சந்தோஷத்துக்காக ஓடினால் தாங்காது என்பது எந்தக் கணக்கு?

வெயிலில் கறுத்துப்போவாள், யார் கட்டுவார்கள் என்பதும் அப்படித்தான். இதைத் தாய்மார்கள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். சொல்ல வெட்கப்பட்டாலும் மனசில் முதலில் நிற்பது இதுதான். உப்பளத்திலும் மீன் காயப்போடும் மணலிலும் நிற்கும் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசாத ஊர், பந்தாடும் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறது. பிள்ளையின் காதுபட இதைச் சொல்லாதீர்கள் என்று உங்கள் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தை விட்டுப் போன பிள்ளைகளில் பலர் காலில் அடிபட்டு விடவில்லை, இந்தப் பேச்சில் அடிபட்டு விட்டார்கள்.

உடை விஷயம் உம்மாவுக்கு முக்கியமாக இருக்கும், அதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2007 முதல் சர்வதேச ஆட்டங்களில் தலைமறைப்புக்குத் தடை இருந்தது உண்மை. 2011-இல் ஜோர்டானில் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்துக்கு வந்த ஈரான் பெண்கள் அணியை அந்தக் காரணத்துக்காக ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். மைதானத்திலேயே அந்தப் பிள்ளைகள் அழுதார்கள். ஜோர்டான் இளவரசர் அலி பின் அல் ஹுசைன் போன்றவர்கள் விடாமல் வாதாடியதில், 2014-இல் விதியே மாறியது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு இறங்கினார். பெண்கள் உலகக் கோப்பையில் அப்படி ஆடிய முதல் வீராங்கனை. அந்த ஆட்டத்தில் மொராக்கோ தென்கொரியாவை 1-0 என்று வென்றது, முதல் உலகக் கோப்பையிலேயே அடுத்த சுற்றுக்கும் போனது. இந்தப் படத்தை உம்மாவுக்குக் கைப்பேசியில் காட்டுங்கள். முழுக்கை ஜெர்சி, ஷார்ட்ஸுக்குள் கணுக்கால்வரை டைட்ஸ், தலையில் ஊசி குத்தாமல் மாட்டிக்கொள்ளும் விளையாட்டு ஹிஜாப். இதில் ஓடுவதற்கு ஒரு சிரமமும் இல்லை, சின்ன வயதிலேயே பழகிவிட்டால் போதும். சாதாரண முக்காட்டில் சேஃப்டி பின் குத்தி அனுப்ப மட்டும் வேண்டாம். மோதும்போது கழுத்தில் ஏறும், ரெஃப்ரியும் விட மாட்டார். ஷார்ட்ஸ் கறுப்போ கருநீலமோ வாங்குங்கள். மாதவிலக்கு நாளில் வெள்ளை ஷார்ட்ஸ் கொடுக்கும் பயத்தை இங்கிலாந்து வீராங்கனைகளே வெளிப்படையாகப் பேசி, 2023-இல் தங்கள் அணியின் ஷார்ட்ஸை நீலமாக மாற்ற வைத்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் சீக்கிரத்திலேயே இந்தப் பயம் வரும், அதை அவளாகச் சொல்லவும் மாட்டாள்.

நகை இன்னொரு சங்கடம். தோடு, மூக்குத்தி, கொலுசு, கழுத்துக் கயிறு எதுவும் ஆட்டத்தில் கூடாது. ஆட்டம் தொடங்கும்முன் ரெஃப்ரி ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக் கழற்றச் சொல்வார். காது தூர்ந்துபோகும் என்று தாய்மார்கள் தகராறு செய்வார்கள், சில பிள்ளைகளின் தாயத்தைக் கழற்றுவதற்குள் ஆட்டமே தொடங்கிவிடும். முந்தின நாள் இரவே வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டால் துளை எங்கேயும் போகாது.

இதுவரை சொன்னவை சமாளிக்கக் கூடியவை. உண்மையாகவே பயப்பட வேண்டியவை மூன்று இருக்கின்றன, இவற்றில் நான் உம்மா பக்கம்.

பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கிறாள் என்பது முதலாவது. பயிற்சி கொடுப்பவர் ஆணாக இருக்கலாம், நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள், நல்லவர்களும் நிறைய. ஆனாலும் பயிற்சி நடக்கும் இடத்தில் பெண் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், டீச்சராகவோ யாராவது ஒரு பிள்ளையின் தாயாகவோ. வெளியூர் ஆட்டம் என்றால் எந்த வண்டி, எங்கே தங்கல், கூட வரும் பெண் யார், திரும்பும் நேரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடவே விடாதீர்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் கூப்பிடுவதற்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவளுக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள். போக்சோ சட்டம் 2012-இலிருந்து இருக்கிறது, பள்ளி கௌரவம் என்று யாரும் மூடிவைக்க முடியாது.

இரண்டாவது கைப்பேசி. வேலி ஓரம் நின்று பிள்ளைகள் ஓடுவதைப் படமெடுத்து, பாட்டுப் போட்டு இன்ஸ்டாகிராமில் விடுகிற பையன்களால் ஆட்டத்தை விட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும் என்று நம் அம்மாமார்கள் பயந்தபோது ஊர் நாலு தெருவோடு முடிந்தது. இப்போது அதற்கு எல்லை இல்லை. பயிற்சி நேரத்தில் யாரும் படம் எடுக்கக் கூடாது, எடுத்தால் பள்ளி எடுக்கும், பெற்றோரைக் கேட்டுத்தான் வெளியே விடும் என்று பெற்றோர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். தனியாகப் போய்ச் சொன்னால் நடக்காது, சேர்ந்து போனால் நடக்கும்.

மூன்றாவது உடம்பு, ஆனால் ஊர் சொல்கிற விதத்தில் இல்லை. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிவது பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்காவது அதிகம். வயசுக்கு வரும் பருவத்தில் ஆபத்துக் கூடும். குதித்து இறங்கும் முறை, முழங்கால் உள்பக்கம் மடியாமல் திரும்பும் முறை இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிஷப் பயிற்சி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் ஒழுங்காகச் செய்தால் காயம் கணிசமாகக் குறையும். யூடியூபில் கிடைக்கும், பயிற்சியாளருக்குத் தெரியாவிட்டால் நீங்களே அனுப்புங்கள். அடுத்தது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் ஒரு டீயோடு பள்ளிக்கு வந்து சாயங்காலம் ஓடும் பிள்ளை மயங்கி விழுந்தால், வெயில் என்று சொல்லிவிடுவோம். ஹீமோகுளோபின் ஒருதடவை பார்த்துவிடுங்கள். நம் கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை. சூடை, சாளை, கருவாடு எதுவானாலும் பிள்ளை தட்டில் விழட்டும். வீட்டில் பையனுக்கு முதலில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பெண்ணுக்கு வைக்கும் வழக்கம் இருந்தால், அதையும் பந்தைச் சாக்காக வைத்து மாற்றிவிடுங்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்றும் வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். கடலூரும் நம்மைப் போலக் கடற்கரை மாவட்டம்தான். இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் அங்கே ஆடிப் பழகி இந்திய அணிக்குப் போனவர்கள். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. இதையெல்லாம் உம்மாவிடம் சொல்லுங்கள், எடுபடும். ஆனால் மகளிடம் சொல்லி அவளை வேலைக்காக ஓடவைக்காதீர்கள். நூறு பேர் ஆடினால் ஒருவர்தான் அந்த அளவுக்குப் போவார். மீதிப் பேருக்குக் கிடைப்பது, பஸ் ஸ்டாண்டில் ஒருவன் வம்பு பண்ணினால் குனிந்து நடக்காமல் நின்று திரும்பிப் பார்க்கிற தைரியம். என் பழைய பிள்ளைகளில் பந்தால் வேலை வாங்கியவர்கள் கொஞ்சம் பேர். இந்தத் தைரியத்தைக் கொண்டுபோகாதவர் ஒருவரும் இல்லை.

உம்மாவிடம் எப்படிப் பேசுவது என்றும் யோசிப்பீர்கள். தோஹாவிலிருந்து வீடியோ காலில் வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தோற்றது போலாகிவிடும் அவருக்கு, அதன் வெப்பம் உங்கள் மனைவி தலையில் இறங்கும். ஒரு சாயங்காலம் அவரையே மைதானத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நிழலில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேத்தி ஆடுவதைப் பார்க்கட்டும். எந்த டீச்சர் இருக்கிறார், எத்தனை மணிக்கு முடிகிறது, யார் கூட்டிவருகிறார்கள் என்று அவரே விசாரிக்கட்டும். நாள் முழுக்க எதிர்த்துப் பேசிய பாட்டிமார், இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, "எம் பேத்திக்குப் பந்தே குடுக்க மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்று என்னிடமே சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

பள்ளியில் அணி இல்லாவிட்டால் ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலமைச்சர் கோப்பை எப்போது, விளையாட்டு விடுதிக்குத் தேர்வு எப்போது என்று அங்கே கேட்டு வைத்துக்கொள்ளலாம். இந்த வயதில் விடுதிக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷம் வீட்டிலிருந்தே ஆடட்டும், அப்புறம் அவள் விருப்பத்தைக் கேளுங்கள்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பூட்ஸ் வாங்கிவருவீர்கள், அதற்கும் ஒரு வார்த்தை. வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரியதாக வாங்காதீர்கள், உள்ளே கால் ஆடி கணுக்கால் பிசகும். நம் மண் கெட்டி. நீளமான ஸ்டட் வைத்தது அங்கே புல் மைதானத்துக்குச் சரி, இங்கே பாதம் நோகும். அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் வைத்த டர்ஃப் ஷூ வாங்குங்கள். பந்து அவள் வயதுக்கு நாலாம் நம்பர் போதும், பதின்மூன்று ஆனதும் ஐந்தாம் நம்பருக்கு மாறலாம். கையோடு ஒரு காற்றடிக்கும் பம்பும் ஊசியும் வாங்கிவந்துவிடுங்கள், முள்ளு ஊரில் அது அடிக்கடி வேண்டியிருக்கும்.